அறை வாடகைக்குள் ஒரு நர்ஸ்

நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸில் முதுகலைப் பட்டம் என்றதும், "நர்ஸுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர் படிப்பு?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இந்தக் கதை ஆஸ்பத்திரி பில்லில்தான் ஆரம்பிக்குது. மருந்துக்கு ஒரு வரி, எக்ஸ்ரேக்கு ஒரு வரி. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நின்ற நர்ஸின் வேலை? அறை வாடகைக்குள் போயிடும்.

ஹேரியட் வெர்லி என்ற நர்ஸ் 1980களில் இதைக் கையில் எடுத்தார். நோயாளிக்கு என்ன பிரச்சினை, நர்ஸ் என்ன செய்தார், பலன் என்ன, எவ்வளவு கவனிப்பு தேவைப்பட்டது, இவ்வளவாவது எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி பதியணும் என்றார். நியாயம்தானே! ஆனால் அதற்கு வார்டும் தெரிந்து, கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும். 1988-ல் மேரிலாந்து பல்கலைக்கழகம் பால்டிமோரில் இதற்கென்றே முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. 1992-ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இதைத் தனித் துறையாக ஏற்றது. பில்லில் அந்த வரி மட்டும் பல இடங்களில் இன்னும் வரலை.