ஆறு உயர்தலும் ஆறு வருதலும்: கார்வேட்டிநகரப் பகுதியின் வெள்ள வழக்குகள்

கார்வேட்டிநகரத்தைச் சூழ்ந்த குன்றுகளில் திரளும் மழைநீர் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்தைக் கடந்து, பள்ளிப்பட்டு வழியாகத் தமிழ்நாட்டினுள் புகுந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. எண்ணூரில் கடலொடு கலக்கிறது. இவ்வாற்றின் பெயர் தெலுங்கில் குசஸ்தலி. தமிழில் கொசஸ்தலை, குசத்தலை, கொறத்தலை, கொற்றலை எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஊருக்கேற்பப் பெயர் திரியும் இவ்வாற்றில் வெள்ளத்தைக் குறிக்கும் வழக்கும் ஒருதன்மைத்தன்று.

ஆண்டின் பெரும்பகுதி இவ்வாறு மணற்படுகையாகவே கிடக்கும். மக்கள் அதன் குறுக்கே நடந்தும் வண்டியோட்டியும் செல்வர். வடகிழக்குப் பருவமழை மிகும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நீர் பெருகும். ஆதலின் கரையூரார் ‘ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்தது’ என்று கூறுவதில்லை. ‘ஆறு வந்துவிட்டது’ என்பர். தெலுங்கரும் ‘ஏரு வச்சிந்தி’ என்பர். நீரில்லாதபோது ஆறும் இல்லை என்னும் கருத்து இரு தொடரிலும் உறைந்துள்ளது. ‘நீர்மட்ட உயர்வு’ என்பதோ, அளவுகோல் நட்டு நாள்தோறும் நீரை அளக்கும் வற்றா ஆறுகளுக்கு உரிய அலுவலக வழக்கு. ஆங்கில ஆட்சியின்வழி வந்தது எனக் கொள்ளலாம்.

‘ஏரு’ என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. பழந்தமிழ் ‘யாறு’ என்பதன் இனச்சொல் இது. யாண்டு–ஏடு, யானை–ஏனுகு என்னும் இணைகளிலும் தமிழின் ‘யா’ தெலுங்கில் ‘ஏ’ ஆதலைக் காணலாம். எல்லைப்புறத்துத் தமிழர் செவியில் இச்சொல் ‘ஏரி’யை நினைவூட்டும்; தமிழின் ஏரிக்குத் தெலுங்கில் ‘செருவு’ என்பது பெயர். ஏரி உடைந்தது என்பதும் ஆறு வந்தது என்பதும் கேட்பவனை வெவ்வேறு திசையில் ஓடச் செய்யும் செய்திகள். ஒலியொப்புமை இங்கு வெறும் அகராதிச் சிக்கல் அன்று. நீர்ப்பாசனச் சொற்களில் இவ்விடர் குறைவு: தூம்பு–தூமு, கலிங்கு–கலுஜு, வெள்ளம்–வெல்லுவ என இவை பெரிதும் ஒத்தே நிற்கின்றன. ஒரே ஏரித் தொழில்நுட்பத்தை இரு மொழியினரும் நெடுங்காலம் பகிர்ந்து வந்தமையே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

அப்பகிர்வுக்கு ஆட்சிப் பின்னணியும் இருந்தது. கார்வேட்டிநகர ஜமீன் திருத்தணி வரை பரவியிருந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாகவும் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோதும் ஆற்றின் மேற்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் பிரியவில்லை. 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. மொழிவழி எல்லை வகுத்தோர் மக்கள் பேசும் மொழியைக் கணக்கிட்டனர். நீர் ஓடும் வழி அக்கணக்கில் இரண்டாமிடமே பெற்றது. அதுவரை மேலூரார் கீழூராருக்குச் சொல்லியனுப்பும் செய்தியாக இருந்த வெள்ளம், அதன்பின் இரு அரசுகளின் அலுவலகங்களையும் இரு மொழிகளையும் கடக்கவேண்டிய செய்தியாயிற்று.

மாநில எல்லை கடந்து வரும் வெள்ளம் வட ஆர்க்காட்டுக்குப் புதிதன்று. 1903 நவம்பரில் மைசூர் அரசின் பேத்தமங்கலம் ஏரி உடைந்து பாலாற்றில் வந்த பெருக்கு வாணியம்பாடியைச் சிதைத்தது. கொசஸ்தலையில் அத்துணைப் பேரழிவு நேரவில்லையெனினும், தொலைவு குறைவாதலின் கிடைக்கும் நேரமும் குறைவு. 2021 நவம்பரில் சித்தூர் மாவட்டத்தில் பெருமழை பெய்து, கிருஷ்ணாபுரத்திலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பள்ளிப்பட்டைச் சார்ந்த நெடியம், சாமந்தவாடா முதலிய ஊர்களின் தரைப்பாலங்கள் மூழ்கின. அக்கரை ஊரார் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சுற்றுவழியே செல்லவேண்டியதாயிற்று.

இத்தகைய நாள்களில் அலுவலக அறிவிப்புகள் விநாடிக்கு இத்தனை கன அடி எனத் திறப்பளவைக் கூறும். தெலுங்கில் ‘வரத’, ‘ப்ரமாத ஹெச்சரிக’ என வருவன தமிழில் ‘வெள்ளம்’, ‘அபாய எச்சரிக்கை’ என மாறும், பெயர்ப்பில் பிழையில்லை. ஆயினும் கன அடி அணைக்காவலர்க்குரிய அளவு. கரையூரார்க்கு வேண்டுவது, எந்தத் தரைப்பாலம் எப்பொழுது மூழ்கும் என்பதே. ‘இன்று மாலைக்குள் ஆறு வரும், நெடியம் பாலத்தில் இறங்காதீர்’ என்பது அவ்வறிவிப்பின் உண்மையான மொழிபெயர்ப்பாக அமையும், சொல்லுக்குச் சொல் வைப்பது அமையாது. இரு மொழியிலும் இவ்வாறு கூறுதற்குரிய தொடர் வழக்கிலேயே இருப்பதால் புதுச்சொல்லாக்கமும் வேண்டுவதில்லை.

எச்சரிக்கையை ஊர்க்கு அறிவிக்கும் முறைக்கு எல்லையின் இருபுறமும் ஒரே பெயர் வழங்கியது: தண்டோரா. 2022இல் தமிழ்நாட்டில் அவ்வழக்கம் கைவிடப்பட்டு, ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகள் அதனிடத்தைப் பெற்றன.