குறுங்கோள் படம்

சுற்றுப்புறம் முழுவதையும் காட்டும் 360 பாகை அகலப்படத்தை, மிதக்கும் சிற்றுலகம்போல மாற்றியமைத்த ஒளிப்படம். தரை நடுவில் உருண்டையாகத் திரளும். மரங்களும் கட்டடங்களும் அதன் விளிம்பிலிருந்து நாற்புறமும் எழும். வானம் வெளியே சூழும்.

அடிப்படை: இது ஸ்டீரியோகிராஃபிக் வீழல் எனும் வடிவியல் முறை. கோளத்தின் உச்சிப் புள்ளியிலிருந்து கிளம்பும் கோடுகள், கோளப் பரப்பின் புள்ளிகளை அடியில் தொட்டுநிற்கும் சமதளத்தில் பதிக்கின்றன. கோணங்கள் மாறுவதில்லை. ஆகவே உயரத்திலுள்ள சிறு சாளரம் அளவில் பெருத்தாலும் சாளரமாகவே தெரியும். இம்முறையின் அழகே அதுதான். பழைய வானியல் கருவியான ஆஸ்ட்ரோலேபின் தட்டுகளும் இவ்வாறே வரையப்பட்டன. ஸ்டீரியோகிராஃபிக் என்ற பெயரை 1613இல் சூட்டியவர் பிரான்சுவா டி அகிலோன்.

செய்முறை: முழுக்கோளப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2 மடங்கு. ஹகின் மென்பொருள் அதை நேரடியாக வீழ்த்தித் தரும். ஃபோட்டோஷாப்பில் படத்தைச் சதுரமாக்கி, 180 பாகை திருப்பி, ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ ஃபில்டரை இட வேண்டும். இது தோராயமான வழி. வடிவங்கள் சற்றே சிதையும். திருப்பாமல் விட்டால் வானம் நடுவில் அமைந்து, சுரங்கத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் காட்சி கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை: தொடுவானம் சாய்ந்திருந்தால் உருண்டை கோணலாகும். இடது, வலது ஓரங்களின் வெளிச்சம் ஒத்துப்போகாவிட்டால், மையத்திலிருந்து விளிம்புவரை கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு விழும். நடுவில் தெரியும் கேமரா முக்காலியின் கால்களைப் புல்லோ மணலோ கொண்டு பொறுமையாக மறைக்க வேண்டும். புல்வெளி, கடற்கரை, அகன்ற சதுக்கம் ஆகியவை இதற்கு மிகப் பொருத்தமான இடங்கள்.