நீலோற்பலம்: பெயரும் பூவும்

பண்டைத் தமிழர் கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நிலத்துக்கு நெய்தல் எனப் பெயரிட்டனர். நீர்நிலைகளில் மலரும் நீல அல்லியினமாகிய நெய்தற் பூவே அப்பெயருக்கு அடிப்படையாகும். அதனையும் அதற்கு உறவாகிய குவளையையும் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டிலே ஏனைய மலர்களோடு வரிசைப்படுத்தியுள்ளார். ஈழத்துத் தமிழர் நீலோற்பலம் என்றும், சிங்கள மக்கள் நில் மானெல் என்றும் வழங்குவது இவ்வினத்துப் பூவையே. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீகிரிய ஓவியங்களில் மாதர் ஏந்தி நிற்கும் மலர்களுள்ளும் இதனைக் காண்பர் கலையறிஞர்.

1768இல் ஒல்லாந்தத் தாவரவியலாளரான பர்மன் இதற்கு நிம்பேயா நௌச்சாலி எனப் பெயர் சூட்டினார். 1986இல் இலங்கை அரசு நீலோற்பலத்தைத் தேசிய மலராகப் பிரகடனஞ் செய்தது. ஆயின், பெயர் பெற்ற பூவுக்கு அப்பெயராலேயே ஓர் இடர் நேர்ந்தது. கடும் ஊதா நிறமும் அடர்ந்த இதழ்களும் உடைய பிறநாட்டுக் கலப்பினம் ஒன்று, கோயில் வாயில்களிலும் அச்சுப் படங்களிலும் நீலோற்பலம் என்றே உலாவிற்று. 2017ஆம் ஆண்டளவில் இலங்கைத் தாவரவியல் ஆய்வாளர் இப்பிழையை எடுத்துக்காட்டினர். அக்கலப்பினம் இயற்கை நீர்நிலைகளிலும் புகுந்து பரவியிருப்பதையும் அவர்கள் அறிவித்தனர். உண்மை நீலோற்பலமோ வெளிர்நீலமானது, இதழ்கள் குறைந்தது, ஆரவாரமற்றது.

இந்நிலையில் வீட்டுத் தோட்டத்துச் சிறு தொட்டியும் வரலாற்றுக் கடமையொன்றை ஆற்றவல்லது. வாயகன்ற சட்டியிலே களிமண்ணை நிரப்பிக் கிழங்கை ஊன்றி, மேலே சிறிது மணல் பரப்பி, நீர்த் தொட்டியினுள் அமிழ்த்துதல் வேண்டும். தொடக்கத்திற் சட்டியின்மேல் ஒரு சாண் நீர் போதும். இலைகள் நீள நீள நீரை உயர்த்தலாம். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படவேண்டும். நுளம்பு பெருகாதிருக்கச் சிறு மீன்களை வளர்த்தல் நன்று. கிழங்கு பல்லாண்டு வாழ்வது. குளம் வற்றும் கோடையிலும் சேற்றினுள் உறங்கி, மாரியில் மீண்டும் தளிர்க்கும்.

குளத்திலிருந்து செடியைப் பறித்து வருதல் முறையன்று. இனம் அறிந்து வளர்ப்போரிடம் பெறுதலே தக்கது. ஊதாக் கலப்பினத்தை ஏற்கெனவே வளர்ப்போர், மிகுந்த செடிகளை வாய்க்காலிலோ குளத்திலோ எறியாதிருத்தல் வேண்டும். பெயரை மட்டும் போற்றிப் பூவை இழந்த தலைமுறை என்னும் பழி எவருக்கும் வேண்டாம்.