கட்டற்ற மென்பொருளில் மாணவர் வழிகாட்டல்: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறம்

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு மென்பொருள் திட்டத்தில் மாணவரைச் சேர்த்து, அவர் எழுதுவதை மூத்தவர் ஒருவர் வரிவரியாகப் படித்துத் திருத்தி, அது ஏற்கப்படும்வரை உடன் நிற்பதே மாணவர் வழிகாட்டல். கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' இம்முறையை உலகறியச் செய்தது. 2005இல் ஏறத்தாழ 400 மாணவர்களுடன், உதவித்தொகை தந்து அது தொடங்கியது. 2022 முதல் 18 வயது நிரம்பிய புதியவர் எவரும் சேரலாம். 'க்னோம்' என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் 2006இல் பெண்களுக்காக நடத்திய கோடைப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது 'அவுட்ரீச்சி' என்ற இன்னொரு வழிகாட்டல் திட்டம்.

இந்த வழிகாட்டல் கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களை எப்படி எட்டுகிறது என்று பார்ப்போம். 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என இரண்டும் புழங்கும் ஊர்கள் இவை. இங்குள்ள பிள்ளைகளிடம் கட்டற்ற மென்பொருள் வந்தது பள்ளிக்கூடம் வழியாக.

அதற்கு மண் பதப்பட்டிருந்தது. 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே காலத்தில் பிறந்த கேரள அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், பின்னர் அரசுப் பள்ளிக் கணினிகளை குனு/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றியது. அத்திட்டமே 2017இல் 'கைட்' நிறுவனமானது. கேரளத்தில் தமிழ் வழி படிப்போருக்கு தகவல் தொடர்புத் தொழில்நுட்ப (ஐசிடி) பாடநூல் தமிழிலும் உண்டு.

அந்த 'கைட்' 2018 ஜனவரியில் பள்ளிகளில் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள்தாம் இப்பகுதிக்கு மிக நெருங்கிய வழிகாட்டல் அமைப்பு. தகுதித் தேர்வில் தேறிய உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு, பள்ளி ஆசிரியர்களே 'கைட் மாஸ்டர்', 'கைட் மிஸ்ட்ரஸ்' என்ற பெயரில் பொறுப்பேற்று அனிமேஷன், நிரலாக்கம், செயலி உருவாக்கம் சொல்லித்தருகிறார்கள். பள்ளி முகாமில் தேறியவர் துணை மாவட்டத்துக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு மாநிலத்துக்குப் போகிறார். பாறசாலை, நெய்யாற்றின்கரை கல்வி மாவட்டத்தின் ஒரு துணை மாவட்டம். ஆக இரண்டாம் படிவரை பிள்ளை சொந்த ஊர்ப்பக்கமே இருக்கிறது. பேருந்துச் செலவுக்கு யோசிக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. இத்திட்டத்தின் மிகச் சிறந்த கூறு இதுவே என்பேன்.

ஆனால் மன்றத்தில் கற்பது வேறு, முன்பின் அறியாத ஒருவர் பராமரிக்கும் நிரலில் கைவைப்பது வேறு. இரண்டாவதைக் கேரளத்தில் பழக்கியவர்களில் முன்னோடி, கோழிக்கோடு பொறியியல் கல்லூரியில் முளைத்த 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்'. அது 2007, 2013, 2014, 2016 ஆண்டுகளில் கூகுள் திட்டத்தில் வழிகாட்டி அமைப்பாகப் பங்கேற்றது. அது வெளியிட்ட 'இண்டிக் கீபோர்ட்' செயலியில் தமிழும் தட்டலாம். கொல்லம் மாவட்டம் வள்ளிக்காவிலுள்ள அம்ரிதா கல்லூரியின் மாணவர் மன்றமோ, கூகுள் திட்டத்துக்கு ஆண்டுதோறும் ஆளனுப்பிப் பெயர் பெற்றது. அங்கே சீனியரே வழிகாட்டி.

எல்லைக்கு மறுபுறம், தமிழ்நாட்டில், 1998 முதல் சென்னை லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ், லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் எழுதி மின்னூல்களாக்கியது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் கூடித் தமிழிலேயே பேசுகிறது. கூட்டம் இப்போது இணையவழி நடப்பதால், பாறசாலையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும், மாணவர் கேள்வியோடு வந்து உட்காரலாம்.