கனவுக்கன்னி

கனவுக்கன்னி என்பது இளம் திரைப்பட நடிகைகளுக்குத் தமிழ் இதழ்களும் சினிமா விளம்பரங்களும் சூட்டிவரும் அடைமொழி. தமிழ்த் திரையுலகில் இப்பெயரை முதலில் பெற்றவராகக் கருதப்படுபவர் தஞ்சாவூரில் பிறந்த டி. ஆர். ராஜகுமாரி (1922–1999).

சொற்பொருள்

கனவு ரசிகருடையது, அதில் தோன்றுபவளே கன்னி. நடிப்பு, பாட்டு, ஆட்டம் எதையும் இச்சொல் சுட்டுவதில்லை. இளமையையும் மணமாகாமையையும் மட்டுமே சுட்டுகிறது.

ராஜகுமாரி

இயற்பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் தஞ்சையில் பெயர்பெற்ற பாடகி. கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘கச்ச தேவயானி’ (1941) ராஜகுமாரிக்குப் புகழ் தேடித்தந்தது. தியாகராஜ பாகவதருடன் நடித்த ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ‘சந்திரலேகா’வின் (1948) முரசு நடனம் நாடெங்கும் பேசப்பட்டது. அப்படத்தை இயக்கித் தயாரித்த எஸ். எஸ். வாசனே ஆனந்த விகடன் இதழின் அதிபர்.

தம்பி டி. ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர். ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தை நடத்தினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) அந்நிறுவனத் தயாரிப்பே. தியாகராய நகரில் சொந்தத் திரையரங்கும் வைத்திருந்தார். ஆயினும் இதழ்களின் நினைவில் முதலாளி ராஜகுமாரியைவிடக் கனவுக்கன்னி ராஜகுமாரியே நிலைத்தார்.

புகழ்ச்சியும் வம்பும்

ஒருபுறம் இதழ்கள் அடைமொழி சூட்டிய அதே காலத்தில், மறுபுறம் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை விற்கும் மஞ்சள் பத்திரிகைகளும் வளர்ந்தன. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். அக்கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றனர். பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் காட்டும் ‘கிசுகிசு’ நடை பிற்கால இதழ்களிலும் தொடர்ந்தது.

பிற அடைமொழிகள்

நடிகர்களுக்கு வாய்த்தவை ‘மக்கள் திலகம்’, ‘நடிகர் திலகம்’, ‘காதல் மன்னன்’ முதலியன. பத்மினிக்கு ‘நாட்டியப் பேரொளி’, சாவித்திரிக்கு ‘நடிகையர் திலகம்’ எனத் திறமையைப் போற்றும் பெயர்களும் உண்டு. ‘கன்னடத்துப் பைங்கிளி’ (சரோஜாதேவி), ‘புன்னகை அரசி’ (கே. ஆர். விஜயா) ஆகியவை குரலையும் முகத்தையும் போற்றுபவை.

இந்தியில்

தஞ்சை மாவட்டத்து அம்மன்குடியில் 1948இல் பிறந்த ஹேமமாலினியை, ‘சப்னோ கா சௌதாகர்’ (1968) படத்தின் விளம்பரங்கள் ‘ட்ரீம் கேர்ள்’ என அறிமுகப்படுத்தின. 1977இல் அப்பெயரிலேயே அவர் நடித்த படமும் வந்தது. 2014 முதல் மதுரா தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்தும், அவரைப் பற்றிய செய்திகளில் அந்த அடைமொழி இன்னும் உதிரவில்லை.