வெளி வழிகளுக்குப் போட்ட வேலி: ஓஎஸ்பிஎஃப் சிறப்பு ஏரியாக்களின் வரலாறு

ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை மற்ற எல்லாக் கணுக்களுக்கும் அறிவித்து, அவ்வாறு சேர்ந்த முழு வரைபடத்திலிருந்து குறுகிய பாதையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் முறை, 1979இல் அர்ப்பாநெட்டில் நடைமுறைக்கு வந்தது. 'இணைப்பு நிலை' வழித்தேடல் எனப்படும் அம்முறையைப் பல நிறுவனங்களின் ரூட்டர்களுக்கும் பொதுவான விதியாக்க முயன்றதே, ஜான் மோய் எழுதி 1989 அக்டோபரில் வெளியான ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை. முழு வரைபடமும் ஒவ்வொரு ரூட்டரின் நினைவகத்திலும் இருந்தாக வேண்டுமென்பதால், நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரித்து, அவற்றை முதுகெலும்பான ஏரியா 0 உடன் இணைக்கும் ஏற்பாடு அதில் தொடக்கத்திலேயே இருந்தது.

ஆயினும் பிற நெட்வொர்க்குகளிலிருந்து வந்து சேர்ந்த வழிகளின் அறிவிப்புகள் ஏரியா எல்லைகளைக் கடந்து எங்கும் பரவின. பல இடங்களில் தரவுத்தளத்தின் பெரும்பகுதி இவையாகவே இருந்தது. வெளியேற ஒரே வாசலுள்ள கிளைக்கு இந்தப் பட்டியலால் பயனேதுமில்லை. ஆகவே 1991 ஜூலையில் வந்த இரண்டாம் பதிப்பு 'ஸ்டப் ஏரியா' என்ற வகையைச் சேர்த்தது: வெளி வழிகளை, ஏரியாவை முதுகெலும்போடு இணைக்கும் எல்லை ரூட்டரிலேயே நிறுத்தி, அவற்றுக்குப் பதிலாக அறியாத முகவரிகளுக்கெல்லாம் பொதுவான டீஃபால்ட் ரூட்டை உள்ளே அனுப்புவது அதன் இயல்பு. ஏரியாவின் எல்லா ரூட்டர்களும் இதற்கு உடன்பட வேண்டும். ஒன்றில் இந்த அமைப்பு விடுபட்டாலும், அண்டை ரூட்டர்கள் பரிமாறும் ஹலோ செய்தியிலுள்ள ஒரு பிட் பொருந்தாமல், கேபிள் சீராக இருந்தும் அவற்றிடையே உறவு உருவாகாது. இக்கண்டிப்பு தேவையானதே, ஏனெனில் ஒரு ரூட்டர் வெளி வழியையும் மற்றொன்று டீஃபால்ட்டையும் நம்பினால் பாக்கெட்டுகள் சுழலில் சிக்கக்கூடும். பிற ஏரியாக்களின் வழிகளையும் தடுத்துவிடும் 'டோட்டலி ஸ்டப்பி' வகை, சிஸ்கோ ரூட்டர்களின் வழியே பரவலாயிற்று.

ஸ்டப் ஏரியாவின் குறை அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் வட்டார நெட்வொர்க்குகளில் வெளிப்பட்டது. அவற்றோடு இணைந்த நிறுவனங்கள் பலவும் தம் வளாகத்துக்குள் ரிப் போன்ற பழைய நெறிமுறையைப் பயன்படுத்தின. ஆனால் ஸ்டப் ஏரியாவின் உள்ளிருந்து வெளி வழி எதையும் புகுத்த விதி இடந்தரவில்லை. நூற்றுக்கணக்கான வழிகளை மெதுவான இணைப்பில் சுமப்பது, அல்லது அந்த ஒரு கிளைக்காகவே வேறொரு நெறிமுறையைத் தனியே ஓட்டுவது என்ற இரண்டே வழிகள் பொறியாளர்களுக்கு எஞ்சின. ராப் கோல்டனும் வின்ஸ் ஃபுல்லரும் 1994 மார்ச்சில் முன்வைத்த 'நாட்-சோ-ஸ்டப்பி ஏரியா' (என்எஸ்எஸ்ஏ) இச்சிக்கலைத் தீர்த்தது. இந்த நெறிமுறையின் ஏரியா வகைகளுள் களத்தின் தேவையிலிருந்தே நேரடியாகப் பிறந்தது இதுவென்று சொல்லலாம். கிளையின் வெளி வழிகள் ஏழாம் வகை அறிவிப்பாக ஏரியாவுக்குள் மட்டும் உலவும்; எல்லை ரூட்டர் அவற்றை, வெளி வழிகளுக்கு வழக்கமான ஐந்தாம் வகை அறிவிப்பாக மாற்றி முதுகெலும்புக்கு அனுப்பும். எல்லை ரூட்டர்கள் பல இருந்தால் அடையாள எண்ணில் உயர்ந்தது இந்த மாற்றத்தைச் செய்யும் என்பது முதல் விதி. 2003இன் திருத்தம், எது மாற்ற வேண்டும் என்பதை நிர்வாகியே அமைத்துக்கொள்ளவும் இடமளித்தது.