மூன்று துளி நேர்வாள எண்ணெய்: தோல் புதுப்பிக்கும் சிகிச்சையின் வரலாறும் நிறம் குறித்த ஒரு மறதியும்

வட இந்திய அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவின் பலகையில் பெரும்பாலும் 'சர்ம ரோக்' என்று எழுதியிருக்கும். அதே நகரத்து அழகுசாதன விளம்பரங்களில் 'சர்ம' என்ற சொல்லைக் காண்பது அரிது; அங்கே 'த்வசா' என்ற சொல்லே ஆட்சி செய்கிறது. தமிழில் நிலைமை தலைகீழானது. நோய் என்றால் 'தோல் நோய்'. பொலிவு என்றால் 'சருமப் பொலிவு'. வடமொழிச் 'சர்ம' என்பதோடு தொடர்புடைய ஒரு சாதிப்பெயர் இந்திப் பகுதிகளில் இன்றளவும் வசைச்சொல்லாக வீசப்படுகிறது. அதே வேரின் 'சருமம்' தமிழ்நாட்டில் களிம்புக் குப்பிகளின் மேல் மென்மையின் பெயராக ஒட்டப்படுகிறது. பதப்படுத்திய விலங்குத் தோலையும் குறிக்கும் சொல்லைக் கொண்டு எந்த மொழியும் அழகை விற்பதில்லை போலும்.

என் முதுகலைப் பாடம் மொழியியல், மருத்துவம் அன்று. ஆயினும் இந்தச் சொல்மாற்றத்தைப் பின்தொடர்ந்தபோது, இன்று பெருநகரங்களில் 'ஸ்கின் ரீசர்ஃபேசிங்' என்ற பெயரில் வழங்கும் சிகிச்சைகளின் வரலாற்றுக்குள் நுழைய நேர்ந்தது. ஆங்கிலத்தில் அது சாலைக்கும் வழங்கும் சொல். பழைய தாரைச் சுரண்டிப் புதுத் தாரை விரிப்பதுபோல ஒரு தோற்றத்தை அது உண்டாக்குகிறது. உண்மையில் மருத்துவர் புதிதாக எதையும் விரிப்பதில்லை. அமிலத்தாலோ, சுழலும் தூரிகையாலோ, ஒளிக்கற்றையாலோ அளவறிந்து ஒரு காயத்தை உண்டாக்குகிறார். அதன்பின் வேலை முழுவதையும் உடல் செய்கிறது. மேல்தோல் முற்றிலும் நீங்கினாலும், மயிர்க்கால்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் எஞ்சியிருக்கும் உயிரணுக்கள் மேலேறிப் பரவிப் புதிய மேல்தோலை உருவாக்குகின்றன. அவை நெருங்கியிருக்கும் முகம் விரைவில் ஆறுவதும், அவை அருகியிருக்கும் கழுத்தும் புறங்கையும் தழும்பேறும் அபாயம் மிகுதியாகக் கொண்டிருப்பதும் இதனால்தான். ஆகவே பின்பராமரிப்பு சிகிச்சைக்குப் பிந்திய உபசாரம் அன்று. அதுவே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆனால் இத்துறையின் வரலாறாக எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் காயத்தை உண்டாக்கும் கலையின் வரலாறு.

அந்த வரலாறு வழக்கமாக 19ஆம் நூற்றாண்டு வியன்னாவில் தொடங்கும். ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா முகத்தின் கரும்படைகளுக்கு அரிக்கும் திரவங்களைப் பயன்படுத்தினார். 1882இல் ஹாம்பர்க்கின் பவுல் கெர்சன் ஊனா சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், ஃபீனால் ஆகியவை தோலில் செய்யும் வேலையை விவரித்தார். இன்றைய தோல் மருத்துவரின் அலமாரியிலும் இவற்றுள் பல இருக்கின்றன.

இவற்றுள் ஃபீனாலின் கதை தனியானது. 1834இல் நிலக்கரித் தாரிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்த இப்பொருளை, 1865இல் கிளாஸ்கோவில் ஜோசஃப் லிஸ்டர் எலும்பு முறிந்து கிழிந்த காயங்களின் மேல் இட்டார். அறுவை மருத்துவத்தின் போக்கு மாறிற்று. காயம் அழுகாமல் காத்த அதே பொருள், சில பத்தாண்டுகளில் முகத்தில் காயத்தை உண்டாக்கும் கருவியாயிற்று. நியூயார்க்கின் ஜார்ஜ் மெக்கீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே முகப்பருத் தழும்புகளுக்கு அதைப் பயன்படுத்திவந்தார். விரிவான கட்டுரையாக அது வெளிவந்தது 1952இல்தான்.

இந்த இடைவெளியில் நடந்தது மருத்துவ நூல்கள் சற்றுக் கூச்சத்தோடு கடந்துபோகும் பகுதி. 1920கள் முதல் லாஸ் ஏஞ்சலிஸிலும் பின்னர் ஃபுளோரிடாவிலும், மருத்துவப் பட்டம் பெறாத சிலர் பணக்காரப் பெண்களின் முகத்தோலை உரித்துச் சுருக்கம் நீக்கிவந்தனர். சூத்திரம் குடும்ப ரகசியம். ஃபீனாலோடு அவர்கள் சேர்த்த மற்றொரு பொருள் குரோட்டன் எண்ணெய். 1961ஐ ஒட்டி மயாமியின் தாமஸ் பேக்கரும் ஹவர்ட் கோர்டனும் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரம் இதுதான்: 88 விழுக்காட்டு ஃபீனால் 3 மில்லிலிட்டர், தண்ணீர் 2 மில்லிலிட்டர், திரவ சோப்பு 8 துளி, குரோட்டன் எண்ணெய் 3 துளி. ரகசியம் அறிவியல் ஆனபோது, உரித்தவர்களின் பெயர்கள் மறைந்து வெளியிட்டவர்களின் பெயர்கள் நிலைத்தன. அறிவு வரலாற்றில் பழகிப்போன காட்சிதான்.

குரோட்டன் எண்ணெய் என்பது வேறொன்றும் இல்லை, நம் நேர்வாளம். இந்தியில் ஜமால்கோட்டா, வடமொழியில் ஜயபாலம். சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் தொடாத, கடுமையான பேதி மருந்து. அதன் விதை உண்ணியைப் போலிருப்பதால், உண்ணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே 'குரோட்டன்' என்ற பெயராயிற்று. அழற்சியை உண்டாக்குவதற்கென்றே ஆய்வகங்களில் சுண்டெலிகளின் தோலில் தடவப்படும் எண்ணெய் அது. இருந்தும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மருத்துவர்கள் அந்த மூன்று துளியைத் துணைப்பொருளாகவே எண்ணினர். ஃபீனாலே தோலை உரிக்கிறது, அதுவும் செறிவு குறைந்தால்தான் ஆழமாக இறங்குகிறது என்பது பாடம். 2000இல் கிரிகரி ஹெட்டர் என்னும் அறுவை மருத்துவர் பட்டமில்லா உரிப்பாளர்களின் சூத்திரங்களையும் தேடிச்சென்று, பல்வேறு செறிவுகளில் சோதித்து, தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். காயத்தின் ஆழத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது நேர்வாள எண்ணெயே என்பது அவர் முடிவு. ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் முகத்தின் கதி மாறும். இன்று அந்தச் செறிவைக் குறைத்து மிதமான உரிப்புகளைச் செய்ய முடிவது அந்த ஆய்வின் பயன்.

எந்திரங்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1905இல் எர்ன்ஸ்ட் குரோமையர் சுழலும் கருவிகளால் தோலைத் தேய்த்தார். 1953இல் நியூயார்க்கின் ஏப்னர் குர்டின் கம்பித் தூரிகையால் அதைச் செம்மைப்படுத்தினார். 1964இல் கரியமிலவாயு லேசர் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய சி. குமார் படேல். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அக்கதிரைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக் கொதித்து ஆவியாகிறது. 2004இல் மான்ஸ்டைன், ஆண்டர்சன் குழுவினர் தோல் முழுவதையும் சுடாமல் நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையே நலமான தோலை விட்டுவைக்கும் முறையை முன்வைத்தனர். பழுப்புத் தோலர்க்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருந்தது.

வெளிர்தோலில் காயம் ஆறும்போது சிவக்கிறது. சில வாரங்களில் சிவப்பு தணிகிறது. பழுப்புத் தோலில் அதே அழற்சி நிறமி உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது. புண் ஆறியபின் கருமை தங்குகிறது. மேல்தோலில் தங்கியது மாதங்களில் மறையலாம். உள்தோலுக்குள் சிந்தியது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கருமையை நீக்கச் சென்றவர் கூடுதல் கருமையோடு திரும்புவது இப்படித்தான். முற்கால நூல்களை எழுதியவர்களின் நோயாளர் பெரும்பாலும் வெள்ளையர். அவர்களுக்கு ஆழ்ந்த ஃபீனால் உரிப்பின் விளைவாகத் தோல் சலவைக்கல்போல வெளுத்துப்போவதுகூடப் பொறுத்துக்கொள்ளக்கூடிய விலையாகவே இருந்தது. நம் முகத்தில் அது இன்னொரு நோயாகவே தெரியும். ஆகவேதான் இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் சார்பில் 2008இல் வெளிவந்த வழிகாட்டு நெறிகள், ஆழ்ந்த உரிப்பை இந்தியத் தோலுக்குப் பரிந்துரைக்கவில்லை.

தோல் வகைகளைப் பிரிக்க உலகமே பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை வகுத்தபோது இருந்தவை நான்கு வகைகள். நான்கும் வெள்ளைத் தோலின் உட்பிரிவுகள். ஒளிமருத்துவத்தில் புறஊதாக் கதிரின் அளவை முடிவுசெய்ய எழுந்த பிரிவு அது. பழுப்புக்கு ஐந்தாம் எண்ணும் கறுப்புக்கு ஆறாம் எண்ணும் பின்னரே சேர்க்கப்பட்டன. மனிதர்களில் பெரும்பகுதியினர் பிற்சேர்க்கையாக வந்து ஒட்டிக்கொண்ட அட்டவணை! சூரியக்காப்புக் களிம்பின் எஸ்.பி.எஃப். எண்ணும் அவ்வாறே, வெளிர்தோல் வெயிலில் சிவப்பதை வைத்து அளக்கப்படுவது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியே பழுப்புத் தோலில் நிலைத்த கருமையை உண்டாக்கும், வெளிர்தோலில் உண்டாக்காது என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஒளியைத் தடுக்க எஸ்.பி.எஃப். எண் மட்டும் உதவாது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள களிம்பு வேண்டும்.

பின்பராமரிப்பின் வரலாறும் கவனத்துக்குரியது. பேக்கர், கோர்டன் முறையில் முகத்தை இரண்டு நாள் ஒட்டுப்பட்டையால் மூடி, பிறகு தைமால் அயோடைடுப் பொடியைத் தூவிப் பொருக்குத் தட்டச் செய்வர். காயம் காய வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. தமிழ்ப் பேச்சுவழக்கிலும் புண் 'காய்கிறது' அல்லவா! 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு அதைப் புரட்டிற்று: பாலித்தீன் படலத்தின்கீழ் ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. பொருக்கு, வளரும் உயிரணுக்களுக்குக் குறுக்கே நிற்கும் தடை. இன்று லேசருக்குப் பின் பெட்ரோலியக் களிம்பைப் பூசி ஈரம் காக்கச் சொல்வதும், உரியும் தோலைப் பிய்க்காதே என்பதும் இதன் வழி வந்தவை. பழுப்புத் தோலுக்கு இதனோடு ஒரு முன்பராமரிப்பும் உண்டு: உரிப்புக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே சூரியக்காப்பையும் நிறமியை அடக்கும் களிம்பையும் தொடங்கித் தோலைப் பக்குவப்படுத்துவது. முகத்தில் அக்கி வரும் இயல்புடையோர்க்கு அதைத் தடுக்கும் மாத்திரையும் முன்கூட்டியே தரப்படுகிறது.

ஆறிய புண்ணின் நிறத்தைப் பற்றிய கவலை மருத்துவத்தில் புதிதன்று. சுஸ்ருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி புண்ணுக்கு அறுபது உபக்கிரமங்களைக் கூறுகிறது. வீக்கம் தணிப்பதில் தொடங்கும் அப்பட்டியலில் கிருஷ்ணகர்மம், பாண்டுகர்மம் என இரண்டு உண்டு: வெளுத்த வடுவைக் கருக்கச் செய்வது ஒன்று, கறுத்த வடுவை வெளுக்கச் செய்வது மற்றொன்று. இலக்கு வெண்மை அன்று; சுற்றியுள்ள தோலின் நிறம். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல உடலில் ஏழு அடுக்குகளாகத் தோல் உண்டாகிறது என்றும், நிறங்களைக் காட்டுவது முதல் அடுக்கான 'அவபாசினி' என்றும் அந்நூல் வருணிக்கிறது. உடனே "லேசரும் நம் முன்னோர் அறிந்ததே" என்று கிளம்பிவிட வேண்டாம். முகச் சுருக்கத்துக்கான உரிப்பு அதில் இல்லை. கூறப்படும் மருந்துகள் இன்றைய சோதனைகளைக் கடந்தவையும் அல்ல. நான் சுட்டுவது ஒன்றையே: பழுப்புத் தோலோரிடையே எழுந்த ஒரு மருத்துவ நூல், நிறம் திரும்புவதையும் காயம் ஆறுவதன் பகுதியாகக் கணக்கிட்டது.

நம் சந்தை அந்தக் கணக்கை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டது. கருக்கச் செய்யும் கர்மம் போயிற்று. வெளுக்கச் செய்வது மட்டும் நின்றது. ஃபிட்ஸ்பாட்ரிக்கின் அட்டவணை தோன்றிய அதே 1975இல் ஆல்பர்ட் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து நிறமகற்றும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். அது சோதிக்கப்பட்டது கறுப்பின ஆடவரின் நோயற்ற தோலில். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள்மேல் நிகழ்த்திய சோதனைகளுக்காக இன்றும் விமர்சிக்கப்படுபவர் அவர். அம்முக்கலவையின் வழித்தோன்றல்கள் இந்திய மருந்துக் கடைகளில் சீட்டின்றிக் கிடைத்தன. சிகிச்சைக்குப் பின் வந்த கருமைக்கும் திருமணத்துக்கு முந்திய அவசரத்துக்கும் மக்கள் மாதக்கணக்கில் பூசினர். 2011இல் இந்திய மருத்துவர்கள் பல மையங்களில், முகத் தோல் கோளாறுகளோடு வந்த 2,926 பேரிடம் நடத்திய ஆய்வில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. தோல் மெலிந்து, குருதிக் குழாய்கள் வெளித்தெரிந்து, விட்டால் எரியும் முகம். இந்த நிலைக்கு இந்திய மருத்துவர்களே தனிப்பெயர் சூட்ட வேண்டியிருந்தது. 2018இல்தான் பல ஸ்டீராய்டுக் களிம்புகள் மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்கும் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன.

தரவைத் தாமே திரட்டும் இந்தப் பழக்கம் வேறொரு விதியையும் அசைத்தது. கடும் முகப்பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் உண்பவர்க்கு, நிறுத்திய பின்னும் ஆறு மாதமாவது தோல் புதுப்பிக்கும் சிகிச்சை கூடாது என்பது 1980கள் முதல் வேதவாக்கு. அதன் அடிப்படை, 1986இல் ஆறு நோயாளர்க்கு வழக்கத்துக்கு மாறான தழும்பு வளர்ந்ததைச் சொன்ன கட்டுரை முதலிய ஒருசில குறிப்புகள். பருத்தழும்பு ஆழமாகிக்கொண்டிருக்க, இளைஞர்கள் மாதங்களை எண்ணிக் காத்திருந்தனர். இந்தியத் தோல் அறுவை மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு இருக்கும் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2017இல் அத்தடைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. மேலோட்டமான உரிப்பையும் புள்ளிமுறை லேசரையும் அம்மருந்து உண்ணும் காலத்திலேயே பாதுகாப்பாகச் செய்யலாம் என்றது. எந்திரத் தூரிகையால் தேய்ப்பதற்கும், முகம் முழுவதையும் லேசரால் சுடுவதற்கும் மட்டும் பழைய தடை தொடர்கிறது.